ஒரே உருவம், ஆறு மடங்கு விலை: டர்பனில் பேஸ் கிட்டார் வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

கடையில் இரண்டு பேஸ் கிட்டார்கள் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. ஒரே உருவம், ஒரே நிறம், நான்கு கம்பி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் இரண்டு. ஒன்றின் தலையில் ஃபெண்டர் என்று எழுதியிருக்கிறது, மற்றதில் ஸ்குவையர். விலை மட்டும் ஐந்தாறு மடங்கு மாறுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவிலும் சர்ச்சிலும் கோயில் பஜனையிலும் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளும், பணம் கொடுக்கும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது, நமக்கு அது வேண்டுமா என்பதுதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதல் பணத்தின் பெரும்பகுதி கைக்குத் தெரியும், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். கழுத்தின் வேலைப்பாடு, அதில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளின் நேர்த்தி, பல வருடம் மேடையில் ஏறி இறங்கினாலும் மக்கர் செய்யாத உறுதி, இவற்றுக்குத்தான் விலை. கேட்பவர் காதில் விழும் ஒலியை ஆம்ப்பும் கம்பியும் உங்கள் விரலும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போனால் தவறாக வாங்க மாட்டீர்கள்.

படி 1: எங்கே வாசிக்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் இதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கல்யாண மண்டபத்தில் பேஸ் நேராக டிஐ பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டி வழியாக மிக்சருக்குப் போகிறது. கீபோர்டு, டிரம்ஸ், தபலா, சில வேளை நாதஸ்வரம், தவில் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் இடம் அது. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் பேஸ் எந்த ஊரில் செய்தது என்று தெரியவே தெரியாது. ஆனால் ஒரு ஸ்வரம் பெரிதாகவும் அடுத்தது அமுங்கியும் கேட்டால், சுருதி விலகினால், இரைச்சல் வந்தால் உடனே தெரியும். மண்டபத்துக்கு வேண்டியது சீரான ஒலி, நிற்கும் சுருதி, அமைதியான வயரிங்.

சர்ச்சில் வாரா வாரம் அதே ஆம்ப், அதே இடம். கோயிலில் காவடிக் காலத்தில் வெளியே பந்தலில் வெயிலிலும் ஈரக்காற்றிலும் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், அங்கே எடைதான் முதல் கவலை. வீட்டில் மட்டும் பழகுபவருக்குக் கழுத்து சுகமாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். நம் ஆர்க்கெஸ்ட்ராக்கள் இளையராஜா பாட்டு இல்லாமல் மேடை இறங்குவதில்லை. அவருடைய பேஸ் வரிகள் பாட்டுக்குப் பின்னால் தனி மெட்டாகவே ஓடும், அவருக்குப் பேஸ் வாசித்த சசிதரனின் வாசிப்பைக் கவனித்துக் கேட்டவருக்கு இது தெரியும். ஏ. ஆர். ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் அப்படித்தான். இந்த மாதிரி வரிகள் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலேயும் ஏறும். கீழே மட்டும் தாளம் பிடிக்கும் பேஸ் போதும் என்று நினைத்து வாங்கினால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். மேல் ஃப்ரெட்டுகளில் சுருதியும் தெளிவும் எப்படி என்று பார்ப்பது நமக்கு மிக முக்கியம்.

படி 2: ஏணியைப் புரிந்துகொள்ளுங்கள்

விலை உயர்ந்தது, மலிவானது என்று இரண்டே வகை கிடையாது. ஒரே வடிவமைப்பு நான்கைந்து படிகளில் விற்கிறது.

ஃபெண்டரை எடுத்துக்கொள்வோம். லியோ ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸை 1951இலும் ஜாஸ் பேஸை 1960இலும் கொண்டுவந்தார். இன்று அதே ஜாஸ் பேஸ் கீழ்ப்படியில் ஸ்குவையர் அஃபினிட்டி, அடுத்து இந்தோனேசியாவில் செய்யும் ஸ்குவையர் கிளாசிக் வைப், அதற்கு மேல் மெக்சிகோவின் என்செனாடாவில் செய்யும் ஃபெண்டர் பிளேயர், அதற்கும் மேலே கலிஃபோர்னியாவின் கொரோனாவில் செய்யும் அமெரிக்கன் ப்ரொஃபெஷனல் என்று வருகிறது. அமெரிக்கச் சந்தை விலையில், அஃபினிட்டியை ஒரு பங்கு என்று வைத்தால் கிளாசிக் வைப் ஒன்றரைக்குச் சற்று மேல், பிளேயர் சுமார் மூன்று, அமெரிக்கன் சுமார் ஆறு. ரேண்ட் ஏறி இறங்குவதால் இங்கே எண்கள் மாறும், ஏணியின் உருவம் ஏறக்குறைய இதுதான்.

ஸ்குவையர் பெயரின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. அது முதலில் கம்பி செய்த ஒரு பழைய நிறுவனம், ஃபெண்டர் 1965இல் வாங்கியது. ஜப்பானிய நிறுவனங்கள் ஃபெண்டரைப் பார்த்து நன்றாகவும் மலிவாகவும் செய்து விற்கத் தொடங்கியபோது, 1982இல் ஃபெண்டர் ஜப்பானிலேயே தன் கருவிகளைச் செய்வித்து அவற்றுக்கு இந்தப் பெயரை வைத்தது. அந்த ஆரம்ப ஜப்பானிய ஸ்குவையர்களைச் சேகரிப்போர் இன்று தேடி அலைகிறார்கள். பெயரைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எந்த வருடம், எந்தத் தொழிற்சாலை, கையில் இருக்கும் அந்த ஒரு கருவி எப்படி, இவைதான் கேள்வி.

மியூசிக் மேனிலும் இதே கதை. 1976இல் வந்த ஸ்டிங்ரேயை இப்போது கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் செய்கிறார்கள். அதன் மலிவுத் தம்பி ‘ஸ்டெர்லிங் பை மியூசிக் மேன்’ இந்தோனேசியாவில் தயாராகிறது. யமஹா பிபி வரிசையில் பிபி434 இந்தோனேசியா, பிபிபி34 ஜப்பான். ரிக்கன்பேக்கர் 4003க்கு மட்டும் அந்த நிறுவனமே மலிவான ஜோடி எதுவும் செய்வதில்லை, அந்த ஆசை இருந்தால் பணம் சேர்ப்பதைத் தவிர வழியில்லை.

படி 3: பணம் எங்கே போகிறது?

முதலில் கழுத்தும் ஃப்ரெட்டும். என் கணக்கில் விலை வித்தியாசத்தின் நியாயமான பகுதி இதுதான். ஃப்ரெட்டுகளின் உயரத்தைச் சமன்படுத்துவதும், ஓரங்களை உருட்டுவதும், விரல்பலகையின் விளிம்பை மழுக்குவதும் ஒரு தொழிலாளி நேரம் செலவழித்துச் செய்யும் வேலை. கலிஃபோர்னியாவில் அந்த நேரத்துக்கு விலை அதிகம். கீழ்ப்படியில் அந்த நேரத்தைக் குறைப்பார்கள். அதனால் அஃபினிட்டி பத்தை எடுத்தால் சில அருமையாகவும் சில சுமாராகவும் இருக்கும், அமெரிக்கன் பத்தில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் இந்த நம்பிக்கைக்குத்தான். பொறுமையாகத் தேடி, நன்றாக அமைந்த மலிவான ஒன்றைக் கண்டுபிடிப்பவர் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்.

ஒரு விஷயத்தில் விலை காப்பாற்றாது. ஃபெண்டர் வகைக் கழுத்துகளில் ஜி கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டிலிருந்து 7ஆம் ஃப்ரெட் வரை எங்கோ ஓரிடத்தில் ஸ்வரம் சட்டென்று அணைந்துவிடும். டெட் ஸ்பாட் என்பார்கள். கழுத்து அதிரும் விதத்தால் வருவது. விலை உயர்ந்த சில மாடல்களில் கழுத்துக்குள் கிராஃபைட் கம்பிகளை வைத்து இதைக் குறைக்கப் பார்க்கிறார்கள், ஆனாலும் முழுதாகப் போவதில்லை. அமெரிக்கன் என்பதற்காக இதைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

அடுத்தது மின்சாரப் பகுதி. மலிவான பேஸில் வால்யூம், டோன் குமிழ்களுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்கள் சின்னதாக இருக்கும், ஜாக் லேசாக இருக்கும், உள்ளே இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டிங் அரைகுறையாக இருக்கும். மேடையில் நடுப்பாட்டில் கரகரவென்று சத்தம் வருவது பெரும்பாலும் இங்கிருந்துதான். நல்ல செய்தி, இவை எல்லாவற்றையும் பிறகு குறைந்த செலவில் மாற்றலாம். சால்டரிங் தெரிந்தவர் ஒருவர் போதும்.

பிக்கப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். கீழ்ப்படியில் செராமிக் காந்தம், மேலே அல்னிகோ என்று பொதுவாகச் சொல்லலாம். செராமிக் சற்று கறாராக, கூர்மையாக ஒலிக்கும். கிளாசிக் வைப்பில் ஏற்கெனவே அல்னிகோ இருக்கிறது. மண்டபத்தில் மிக்சர் வழியாகப் போனால் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி, ஒலியின் அடி, நடு, மேல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் சரியாகிவிடும்.

மரத்தைப் பற்றிக் கடையில் நீண்ட பேச்சு நடக்கும். அமெரிக்கனில் ஆல்டர், கீழே பாப்லர். திட உடல் கொண்ட மின்சார பேஸில் மரத்தால் ஒலியில் வரும் மாற்றத்தைவிட, கம்பியை மாற்றினால் வரும் மாற்றம் எத்தனையோ மடங்கு பெரிது என்பது என் உறுதியான கருத்து. மரத்தை எடைக்காகப் பாருங்கள். 4.5 கிலோவுக்கு மேல் போனால் எவ்வளவு நல்ல பேஸாக இருந்தாலும் யோசியுங்கள்.

கம்பியை முறுக்கும் டியூனரும், உடலில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜும் இன்று கீழ்ப்படியிலும் ஓரளவு நன்றாகவே வருகின்றன. தலைப்பக்கம் கம்பி பள்ளத்தில் உட்காரும் நட் மட்டும் பார்க்க வேண்டியது. பள்ளம் சரியாக அறுக்காத பிளாஸ்டிக் நட்டில் கம்பி சிக்கிச் சிக்கிச் சுருதி விலகும்.

படி 4: டர்பன் காற்றா, ஜோஹன்னஸ்பர்க் காற்றா?

வெளியூர் வழிகாட்டிகளில் இது இருக்காது, இங்கே வாங்குபவருக்கு இது தெரிய வேண்டும். டர்பனில் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், மே முதல் ஆகஸ்ட் வரை காற்று வறண்டுபோகும். ஈரமான இடத்தில் இருந்த கழுத்து வறண்ட இடத்துக்குப் போனால் மரம் சுருங்கும், உலோக ஃப்ரெட் சுருங்காது. அதனால் ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். விளிம்பை நன்றாக உருட்டிய விலை உயர்ந்த கழுத்தில் இது குறைவாகத் தெரியும், வராமலே போகாது.

ஜோஹன்னஸ்பர்க் கடையிலிருந்து ஆன்லைனில் குளிர்காலத்தில் வரவழைத்தால் டர்பனில் கழுத்து ஈரத்தை இழுத்து வளைவு மாறும். வந்த அன்றே ‘கெட்டுப்போன பேஸ்’ என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு வாரம் வீட்டுக் காற்றில் விட்டு, பிறகு கழுத்துக்குள் அதன் வளைவைச் சரி செய்ய இருக்கும் ட்ரஸ் ராடைச் சரி செய்யுங்கள். அதே போல டர்பனில் வாங்கியதை என்3 நெடுஞ்சாலையில் ஏற்றிக்கொண்டு ஜோஹன்னஸ்பர்க் கச்சேரிக்குப் போகிறவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும் கம்பியின் உயரத்தை, அதாவது ஆக்‌ஷனைப் பார்க்க வேண்டும்.

உப்புக்காற்றில் கம்பிதான் முதலில் துருப்பிடிக்கும். அடுத்து பிரிட்ஜ் திருகுகள். கடற்கரைப் பக்கம் வசிப்பவர் பழைய பேஸ் வாங்கும்போது அந்தச் சின்னத் திருகுகள் திரும்புகின்றனவா என்று அவசியம் பாருங்கள், இறுகித் துருப்பிடித்திருந்தால் உயரத்தைச் சரி செய்யவே முடியாது.

படி 5: கடையில் சோதனை

இரண்டு பேஸையும் ஒரே நாளில், ஒரே ஆம்ப்பில் பாருங்கள். வெவ்வேறு கடையில் வெவ்வேறு நாளில் கேட்டதை நினைவில் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவது உறுதி. சனிக்கிழமைக் கூட்டத்தில் போகாதீர்கள், வாரநாள் காலை நல்லது.

ஆம்ப்பில் செருகும் முன்பே பாதிச் சோதனையை முடித்துவிடலாம். தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள். லேசான, சீரான உள்வளைவு இருந்தால் நல்லது. முறுக்கு இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், அதைச் சரி செய்ய முடியாது. உள்ளங்கையால் கழுத்தின் இரு ஓரத்தையும் மேலிருந்து கீழே தடவுங்கள். ஈ கம்பியும் ஜி கம்பியும் விரல்பலகையின் ஓரத்திலிருந்து ஒரே அளவு தள்ளி ஓடுகின்றனவா? ஒன்று விளிம்பை ஒட்டினால் கழுத்து சற்றுத் திரும்பி மாட்டப்பட்டிருக்கலாம். இது திருகைத் தளர்த்திச் சரி செய்யக்கூடியதுதான், ஆனால் கடைக்காரரையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பிறகு சுருதி சேர்த்து, நான்கு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, முதலிலிருந்து கடைசி வரை வாசியுங்கள். அவசரப்படாதீர்கள், இதுதான் மிக முக்கியமான ஐந்து நிமிடம். எங்கே இரைகிறது, எங்கே அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் கொஞ்சம் இரைந்தால் அது செட்டப் (கழுத்து வளைவையும் கம்பி உயரத்தையும் சரி செய்வது) பிரச்சினை, சரியாகிவிடும். ஓரிரு ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால் அந்த ஃப்ரெட்டின் உயரம் சரியில்லை, அதற்குத் தனிச் செலவு உண்டு. 12ஆம் ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாக வைத்து எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும், சுருதி காட்டும் டியூனர் கருவியில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலை நகர்த்தச் சொல்லுங்கள். நகர்த்த இடமே மிச்சமில்லாமல் சேடில் ஓரத்துக்குப் போயிருந்தால் அந்தப் பேஸ் வேண்டாம்.

இப்போது ஆம்ப்பில் செருகலாம். ஈக்யூ எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். இரண்டு பேஸின் ஒலி அளவையும் சமமாக்குங்கள், ஏனென்றால் சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகவே தோன்றும். ஜாஸ் பேஸ் என்றால் இரண்டு பிக்கப்பும் முழு வால்யூமில் இருக்கும்போது இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் ரீங்காரம் எழும். அது அந்த வடிவத்தின் இயல்பு, அமெரிக்கனிலும் பல மாடல்களில் உண்டு. பழைய டியூப்லைட்டும் டிம்மரும் நிறைந்த மண்டபங்களில் வாசிப்பவருக்கு இது தொல்லை. அப்படியானால் ப்ரிசிஷனைப் பாருங்கள், 1957 முதல் அதன் பிக்கப் இரண்டாகப் பிரிந்து ரீங்காரத்தைத் தானே அடக்கும் வகை. ஒவ்வொரு குமிழையும் திருகிக் கரகரப்பு வருகிறதா பாருங்கள், கேபிளை ஜாக்கில் லேசாக ஆட்டிப் பாருங்கள்.

கடைசியாக ஸ்ட்ராப் மாட்டி, கால்மணி நேரம் நின்றபடி உங்கள் பாட்டையே வாசியுங்கள். உட்கார்ந்து சோதிப்பவருக்குத் தலை கனத்துக் கீழே சாயும் குறை தெரியாது. கழுத்தின் அகலத்தையும் இப்போது கவனியுங்கள். ஜாஸ் பேஸின் நட் அகலம் 38 மில்லிமீட்டர், ப்ரிசிஷனுடையது வழக்கமாக 41 முதல் 44 வரை. சின்னக் கைகளுக்கு இந்தச் சில மில்லிமீட்டர், பிராண்டைவிடப் பெரிய விஷயம்.

படி 6: பார்க்காமல் கேளுங்கள்

கூட வந்த நண்பரிடம் இரண்டையும் கொடுத்து, ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் திரும்பி நில்லுங்கள். எது என்று சொல்லாமல் அவர் வாசிக்கட்டும். எது பிடிக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். முடிந்தால் பதிவு செய்து, வீட்டில் நல்ல ஹெட்ஃபோனில் மறுநாள் கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். திறந்த ஈ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ், அதை ஃபோன் ஸ்பீக்கர் எழுப்பவே முடியாது. சின்னப் பயிற்சி ஆம்ப்பாலும் முடியாது. அடியில் கேட்க வேண்டிய கனம் அங்கே இல்லாதபோது, ஆறு மடங்கு விலை பேஸும் ஒல்லியாகத்தான் ஒலிக்கும்.

பிராண்ட் பற்றிய பயம் இருப்பவர்களுக்கு நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம். சொவெட்டோவைச் சேர்ந்த பக்கிதி குமாலோ, அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 1986ஆம் வருட ஆல்பத்தில் ஃப்ரெட் இல்லாத பேஸ் வாசித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். அவர் கையில் இருந்தது ஃபெண்டரோ மியூசிக் மேனோ இல்லை, ஒரு வாஷ்பர்ன்.

படி 7: மொத்தக் கணக்கு

பேஸ் விலையை மட்டும் பார்க்காதீர்கள். கையில் உள்ள மொத்தப் பணத்தை எடுத்து, அதிலிருந்து முதலில் இவற்றைக் கழியுங்கள்: செட்டப் கூலி, ஒரு புதிய கம்பி செட், நல்ல கேபிள், அகலமான ஸ்ட்ராப், பஞ்சு வைத்த கிக் பேக், ஆம்ப் இல்லையென்றால் ஆம்ப். மீதிதான் பேஸுக்கு. உச்சிப்படி பேஸ் வாங்கிவிட்டு, ஆம்ப்புக்குக் காசில்லாமல் வீட்டு மியூசிக் செட்டில் செருகி அதன் ஸ்பீக்கரைக் கிழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுப்படி பேஸும் உருப்படியான ஆம்ப்பும் சேர்ந்தால் அதைவிட நூறு மடங்கு நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர் வாட் வரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாட் 15 சதவீதம், ஆனால் இறக்குமதியில் சுங்க மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, அந்தத் தொகைக்குத்தான் வாட் போடுவார்கள். 10,000 ரேண்ட் மதிப்புள்ள பேஸ் என்றால் 11,000க்கு 15 சதவீதம், அதாவது 1,650 ரேண்ட். சுங்கத் தீர்வை இருந்தால் அதுவும் சேரும், கூரியர் நிறுவனம் தன் கட்டணத்தையும் போடும். திருப்பி அனுப்பும் செலவோ உங்கள் தலையில். அமெரிக்காவிலிருந்து ஆம்ப் வாங்கவே வாங்காதீர்கள், அங்கே 120 வோல்ட், இங்கே 230.

உள்ளூர்க் கடையில் வாங்கும்போது சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தால் வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது பார்த்தலோ, மாற்றுப் பொருளோ, பணமோ கேட்கலாம், எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலான பொருள்களுக்கு, வந்து சேர்ந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரும் உரிமையும் உண்டு, அனுப்பும் செலவை மட்டும் நீங்கள் ஏற்க வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

விலை உயர்ந்ததை எடுத்தால் காப்பீட்டையும் கணக்கில் சேருங்கள். வீட்டுக் காப்பீட்டில், வெளியே கொண்டுபோகும் பொருள் என்று பேஸைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருக்கும். சம்பளத்துக்கு வாசிப்பவர் அதையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள், தொழில் உபயோகத்தைச் சேர்க்காத பாலிசிகள் உண்டு. கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

படி 8: பழைய பேஸ்

புதிய கீழ்ப்படிக்கும் புதிய மேல்படிக்கும் நடுவில் நல்ல வழி இது. புதிய கிளாசிக் வைப் விலைக்கு மேல் கொஞ்சம் போட்டால், பழைய மெக்சிகோ ஃபெண்டர் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. படி 5இன் எல்லாச் சோதனையும் இங்கே இருமடங்கு அவசியம், ஏனென்றால் தனியார் விற்பனைக்கு மேலே சொன்ன நுகர்வோர் சட்டம் பொருந்தாது. ட்ரஸ் ராட் இரு பக்கமும் திரும்புகிறதா என்று கேளுங்கள், கண் முன்னே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். போலி ஃபெண்டர்களும் சுற்றுகின்றன. 2010க்குப் பிறகான மெக்சிகோ ஃபெண்டரின் வரிசை எண் எம்எக்ஸ் என்றும், அமெரிக்கன் வழக்கமாக யுஎஸ் என்றும் தொடங்கும். தலையில் ‘மேட் இன்’ எழுத்தும் எண்ணும் முரண்பட்டால் விலகிவிடுங்கள். எண்ணை மட்டும் நம்பவும் கூடாது, அதையும் போலியாக அச்சடிக்கலாம்.

படி 9: முடிவு

மூத்த கலைஞர்கள், “தம்பி, வாங்கினால் அமெரிக்கன் வாங்கு, ஒரே தடவையோடு முடிந்தது” என்பார்கள். அவர்களுக்கு அது சரி. வாரத்துக்கு இரண்டு மூன்று மேடை, கையில் சம்பளம், தன் பேஸில் என்ன குறை என்று வார்த்தையில் சொல்லத் தெரிந்தவர், அவருக்கு மேல்படி வீண் செலவில்லை. வருடக்கணக்கில் உழைக்கும், விற்றால் விலையும் நிற்கும்.

வாசிக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகாதவருக்கு நான் மேல்படியைச் சொல்லவே மாட்டேன். தன் கைக்கு அகலக் கழுத்தா ஒல்லிக் கழுத்தா, ஒரு பிக்கப்பா இரண்டா என்று இன்னும் தெரியாத நிலையில் போடும் பெரிய பணம் அது. கிளாசிக் வைப்பும் யமஹா பிபி434ம் இந்தக் கட்டத்துக்குப் போதுமானவை, நல்ல செட்டப்போடு மேடையில் தலை குனிய விடாதவை. கீழ்ப்படி அஃபினிட்டியை, படி 5இல் தேறினால் மட்டும் எடுங்கள்.

சர்ச்சுக்கோ கோயில் குழுவுக்கோ பொதுவாக வாங்குபவர்கள் நடுப்படியோடு நில்லுங்கள். பல பேர் கை படும் கருவி அது. பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸும் அங்கே வேண்டாம். கேபிளைக் கழற்றாமல் விட்டால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோய் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேஸ் ஊமையாகிவிடும்.

பார்க்காமல் கேட்ட சோதனையிலும் நின்று வாசித்த சோதனையிலும் விலை உயர்ந்ததே ஜெயித்து, கடன் இல்லாமல் வாங்கவும் முடிந்தால், தயங்காமல் வாங்குங்கள். கையில் எடுக்கும்போதெல்லாம் வாசிக்கத் தோன்றும் பேஸ், பழகும் நேரத்தைத் தானாகக் கூட்டும். அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நான் மறுக்க மாட்டேன்.

படி 10: வாங்கிய பிறகு

எந்தப் படியில் வாங்கினாலும் செட்டப் செய்யாமல் மேடையேறாதீர்கள். ஃபெண்டர் வகைக்குத் தொடக்க அளவு இதுதான்: முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் 7, 8ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி, கனமான விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. 17ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் ஈயில் 2.4 மில்லிமீட்டர், ஜியில் 2. அழுத்தி வாசிப்பவர் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், திருப்பிய பிறகு ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

மலிவான பேஸை மேம்படுத்த நினைத்தால் வரிசை முக்கியம். முதலில் கம்பி, பிறகு செட்டப், பிறகு தேவையானால் ஃப்ரெட் சமன்படுத்தல், அடுத்து நட், அதன் பிறகு பொட்டென்ஷியோமீட்டர், ஜாக், ஷீல்டிங். பிக்கப் கடைசி. பலர் பிக்கப்பில் தொடங்கிப் பணத்தை விடுகிறார்கள். டர்பன் காற்றுக்குப் பூச்சு போட்ட கம்பி நீண்ட நாள் தாங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் துருவைத் தாங்கும், ஆனால் ஃப்ரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியைக் கீழ்ப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, பையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடிவிடுங்கள்.